தொடைநரம்பு

அன்புள்ளவளுக்கு,

மகள் வீட்டில் உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை உலக மதங்கள் வகுப்பில் யூதர்களைப் பற்றிப் பேசினேன். ஆட்டின் தொடைநரம்பை எடுத்த பிறகே சமைப்பார்கள் என்றதும் ஷி லான்ச்சியு என்ற மாணவி எழுந்தாள். "எங்கப்பாவும் எடுத்துப் போட்டுடுவாரு சார். கேட்டா நம்ம வீட்டு வழக்கம்பாரு."

"சாப்பாட்டுல மட்டும் விவரமான குடும்பம்" என்று ஒருவன் கிண்டலடிக்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. "உன் முன்னோர் பல நூறு வருஷத்துக்கு முன்னால நம்ம கைஃபெங் நகரத்துக்கு வந்த யூதர்களா இருக்கலாம்மா" என்றேன். என் வழக்கப்படி அவள் பெயரையும் சொன்னதையும் தேதியிட்டு நோட்டில் எழுதினேன்.

வியாழக்கிழமை அரசின் மத விவகார அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"நம்ம நாட்டுல அங்கீகாரம் உள்ள மதம் எத்தனை சார்?"

"அஞ்சு."

"அப்ப ஆறாவதை ஏன் ஒரு பொண்ணு தலையில கட்டுறீங்க?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "உங்க நோட்டு ரொம்ப ஒழுங்கா இருக்குமாமே. குடுங்க, பாத்துட்டுத் தர்றோம்."

கொடுத்துவிட்டேன். தொலைந்துவிட்டது என்றாவது சொல்லியிருக்கலாம். அது வீடு திரும்பிய பிறகுதான் தோன்றியது.

இன்று அவள் வரவில்லை. வருகைப் பட்டியலைப் புதிதாக அச்சடித்துத் தந்திருந்தார்கள். அதில் அவள் பெயர் இல்லை. வரிசை எண்களில் இடைவெளியும் இல்லை. மாணவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. முப்பத்தொரு பெயர்களையும் வாசித்துவிட்டு பௌத்தத்தைத் தொடங்கினேன்.

மாலையில் அவள் வீட்டைத் தேடிப் போனேன். தெருமுனையில் ஒரு கார் நின்றிருந்தது; உள்ளே இருவர் அவள் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

நீ இப்போதைக்கு வர வேண்டாம். மகள் கேட்டால், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று சொல்.

உன்னவன்