டெம்போவில் எரிந்த விளக்கு

அக்கா,

உன் டெம்போவிலிருந்து கழற்றிய பழைய சுவிட்ச் என் முன்னால் மேசைமேல் கிடக்கிறது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒரே திருகாணியில் நின்றுகொண்டிருந்ததே, கதவை மூடினால் அமுங்கி, திறந்தால் வெளியே வந்து வண்டிக்குள் விளக்கை எரியவைக்குமே, அதுதான். பெட்ரோலில் நனைத்துத் துடைத்துவிட்டேன். அப்படியும் மூக்கருகே கொண்டுபோனால் புளித்த மாவு வாசனை வருகிறது. பின்னால் இடம் போதாமல் இட்லி மாவு வாளி ஒன்றை எப்போதும் அந்த முன்சீட்டில்தான் ஏற்றுவாய். வழிந்த மாவெல்லாம் எங்கே போயிற்று என்று இப்போது தெரிகிறது.

இந்தச் சுவிட்சால் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். வேறு யாரிடம் சொன்னாலும் "விடுப்பா, வேணும்னேவா செஞ்ச?" என்பார்கள். நீ அப்படிச் சொல்லமாட்டாய். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீ போன பிறகு மாவு வியாபாரத்தை நிறுத்திவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். என் ஆபீஸ் வேலை பாதி நாள் வீட்டிலிருந்தே நடக்கிறது, உன் வானவடி வீடும் காலியாகக் கிடக்கிறது, நடத்தித்தான் பார்ப்போமே என்று நான் இங்கே வந்து உட்கார்ந்தேன். உண்மையில் நடத்தியது உன்னிடம் வேலைக்கு இருந்த சுனந்தாதான். மாவு அரைப்பது, வாளி கழுவுவது, வாகட் வரைக்கும் டெம்போவை ஓட்டிக்கொண்டுபோய் ஒவ்வொரு அபார்ட்மெண்டாக இறக்குவது எல்லாம் அவள். காலையில் புறப்படுவதற்கு முன் நம் காம்பவுண்டிலேயே வண்டியை வைத்து அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு விற்பது மட்டும் என் வேலை.

அவளுக்கு நீ வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? கடக்வாஸ்லா அணைக்குப் போகிற சாலை. நான் பின்னால் காலி வாளிகளோடு உருண்டுகொண்டிருந்தேன். மேட்டில் வண்டி நின்றுபோனது. பின்னாலிருந்து வரிசையாக ஹாரன். சுனந்தா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். நீ கதவைத் திறந்து இறங்கி, நடுரோட்டில் நின்று, பின்னால் இருந்த காரைப் பார்த்துக் கையமர்த்தினாய். பிறகு என்னிடம் சொன்னாய்: "ஏல, அவன் அடிக்கது அவன் அவசரத்துக்கு. இவ நமக்காவ ஓட்டுதா. யாரு பக்கம் நிக்கணும்னு தெரியாண்டாமா?" அவள் மறுபடி ஸ்டார்ட் செய்து மேட்டை ஏறும்வரை நீ வண்டியில் ஏறவே இல்லை. பக்கத்திலேயே நடந்து வந்தாய்.

போன மாதம் ஒருநாள் எனக்குத் திடீரென்று வண்டியைச் சுத்தம் செய்யத் தோன்றியது. சீட்டுக்கடியில் உன் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். டேஷ்போர்டைத் துடைத்தேன், கண்ணாடியைத் துடைத்தேன், கூரையில் இருக்கும் விளக்கின் மூடியையும் துடைத்தேன். அதன் பக்கத்துத் தள்ளுபொத்தான் ஒரு ஓரத்தில் இருந்தது. கதவைத் திறந்தாலும் விளக்கு எரியவில்லை. நடுவுக்குத் தள்ளினேன், எரிந்தது. உனக்கு எதையோ சரிசெய்து கொடுத்துவிட்ட திருப்தியோடு கதவைச் சாத்திவிட்டு மாடிக்குப் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து பேட்டரி இறங்க ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருகினால் ஒரு சத்தமும் இல்லை. எதிர்க் கடை மெக்கானிக் வந்து வேறு வண்டியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்துகொடுத்தார். அடுத்த வாரமும் அதேபோல. "பேட்டரி நல்லாத்தான் இருக்கு. யாரோ கதவைச் சரியா மூடாம விடறாங்க, உள்ளே லைட் எரிஞ்சு எரிஞ்சு காலியாகுது" என்றார் இந்தியில்.

யாரோ என்றால் யார்? மத்தியானம் திரும்பி வந்ததும் சுனந்தா இடப்பக்க சீட்டில் உட்கார்ந்துதான் டப்பாவைத் திறந்து சாப்பிடுவாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

மூன்றாம் முறை வண்டி எழும்பாத காலையில் மாவு வாங்க வந்த பெண்கள் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். வாட்ச்மேனும் இருந்தார். வாகட்டிலிருந்து போன்மேல் போன். நான் அவளைப் பார்த்து இந்தியில் கத்தினேன்.

"கதவை மூடக்கூடத் தெரியாதா உனக்கு? சொந்த வண்டியா இருந்தா இப்படி விடுவியா?"

"நான் மூடிட்டுத்தான் போனேன்" என்றாள்.

"அப்போ பேட்டரி எப்படி இறங்குது? அக்கா இருந்தவரைக்கும் பயம் இருந்தது. இப்போ கேக்க ஆளில்லைன்னு நினைச்சுட்டே."

அவள் முகம் மாறியது அதற்குத்தான். வாளியைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள்.

"என்னை என்ன வேணா சொல்லுங்க. அக்காவை இதுல இழுக்காதீங்க" என்றாள். சாவியைப் பானெட்மேல் வைத்துவிட்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் உன் கடைசி வாரத்தில் உனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டது அவள்தான், அக்கா. நான் வெளியே நாற்காலியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். அவளைப் பார்த்துத்தான் அதைச் சொன்னேன்.

அன்று மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஸ்டார்ட் செய்து, வாகட்டுக்கு நானே ஓட்டினேன். நேரமாகிவிட்டதால் பாதி இடங்களில் மாவு வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். திரும்பி வந்து, இரண்டு கதவையும் நானே அழுத்தி மூடி, இழுத்துப் பார்த்துவிட்டு மேலே போனேன். சாயங்காலம் இருட்டத் தொடங்கும்போது துணி எடுக்க பால்கனிக்கு வந்தேன். கீழே டெம்போவுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

படியில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது எனக்கு. ஆனாலும் கதவை ஓங்கி அடித்துப் பார்த்தேன், விளக்கு அணையவில்லை. இடப்பக்கச் சுவிட்சின் ரப்பர் தொப்பி வெடித்து, உள்ளே மாவுத் தண்ணீர் இறங்கி, துருவும் மாவும் சேர்ந்து இறுகியிருந்தன. விரலால் முழுதாக அமுக்கினாலும் விளக்கு கண்சிமிட்டியதே தவிர நிற்கவில்லை. திருகாணியைக் கழற்றி வயரைப் பிடுங்கினேன். உடனே அணைந்தது.

அப்போதுதான் நீ சொன்னது ஞாபகம் வந்தது. அந்த வண்டிக்குள் எதையாவது தேடும்போதெல்லாம் நீ போனைத்தான் எடுத்து வெளிச்சம் அடிப்பாய். ஒருமுறை நான் கூரை விளக்கைப் போடச் சொன்னதற்கு, "அது போட்டா அணையாதுடே. அத ஓரமா தள்ளி வச்சிருக்கேன், அதுபாட்டுக்கு கெடக்கட்டும்" என்றாய். காதில் வாங்கிக்கொண்டு மறந்துபோன ஆள் நான். ஓரமாக நீ தள்ளி வைத்திருந்ததை நடுவுக்குத் தள்ளியதும் நான். மூன்று முறை பேட்டரியைக் காலி செய்தது என் கை.

புதுச் சுவிட்ச் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சுலபமாகக் கிடைத்தது. பிடுங்கிய வயர் சட்டத்துக்குள் வழுக்கி விழாமல் இருக்க, துணிக்குப் போடும் கிளிப்பால் பிடித்துவைத்துக்கொண்டு மாட்டினேன். துருவை உப்புத்தாளால் தேய்த்தேன். கைக்கு வேலை இருந்தவரை பரவாயில்லை. முடித்ததும் அவள் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது.

சுனந்தா வாசலில் உட்கார்ந்து வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே துருவைப் பற்றிச் சொன்னேன், ரப்பர் தொப்பி வெடித்ததைச் சொன்னேன், வயரைப் பற்றிக்கூடச் சொன்னேன். துருவைப் பற்றிப் பேசுவது எளிதாக இருந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"சுவிட்ச் கெட்டுப்போனதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"இல்லை. தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோ."

"இங்கே என் வாசல்ல சொல்றீங்க. அன்னைக்கு அவங்க எல்லாரும் கேட்டாங்களே, அவங்களுக்கு யார் சொல்றது?"

மறுநாள் காலை அவள் வந்தாள். அதே பெண்கள், அதே வாட்ச்மேன். நான் டெம்போ பக்கத்தில் நின்று இந்தியில் சொன்னேன்: விளக்கை எரியவிட்டது நான், இவள்மேல் பழிபோட்டதும் நான், இவள் கதவைச் சரியாகத்தான் மூடினாள். என் குரல் எனக்கே சிறுபிள்ளைக் குரலாகக் கேட்டது. ஒரு பெண் போனைப் பார்க்கத் தொடங்கினாள். இன்னொருத்தி "அட, இருக்கட்டும் விடுங்க" என்றாள். சுனந்தா விடவில்லை. நான் முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சாவியை வாங்கினாள். இடப்பக்கக் கதவைத் திறந்து மூடி, குனிந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். "பந்த் ஜாலா" என்றாள். அணைந்துவிட்டது என்று. வாளிகளை ஏற்றினாள், ஸ்டார்ட் செய்தாள்.

"வர்றேன், சாஹேப்" என்று மராத்தியில் சொல்லிவிட்டுப் போனாள்.

வேலைக்கு வந்த முதல் நாளே நீ என்னைக் காட்டி, "இது என் தம்பி, ஒனக்கு அண்ணன் முறை" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாய். அன்றிலிருந்து அவள் என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டுவந்தாள். நம் பாஷையில் அவளுக்குச் சரியாக வருகிற ஒரே வார்த்தை அது. இப்போது தினமும் வருகிறாள், வண்டி எடுக்கிறாள், கணக்காகத் திரும்புகிறாள், மரியாதைக்குக் குறைவில்லை. சாஹேப் என்கிறாள். பழையபடி கூப்பிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அக்கா. காலையில் சாவியைக் கொடுக்கும்போது கொஞ்சம் நின்றுபார்க்கிறேன். அவள் வண்டியில் ஏறிக்கொள்கிறாள்.