ஓலையில் ஒட்டாத எழுத்து

திருவும் திறமும் ஓங்குக. மலைமுகமும் கடல்முகமும் காத்து நீலவரை நாடாளும் அரசி வெண்கயல் தேவியார் விடுத்த திருமுகம். முத்தலைத் துறைக் காவல் தலைவர் இளந்திரையர் காண்க. உம் துறையில் காற்று நேராக வீசுக. உம் மனையில் அடுப்பு அணையாதிருக்க.

அரபு பேசும் சோனகர் தேசத்துக் குதிரை வணிகர் கொணரும் கடிதங்களை இனி அரண்மனையில் யார் பெயருக்கு அனுப்புவது என்று கேட்டிருந்தீர். மறுமொழி ஒரு வரிதான். ஆனால் அந்த வரிக்குப் பின்னே ஒரு கூத்தே நடந்து முடிந்திருக்கிறது. அதைக் கேட்டபின் கட்டளையைக் கேளும்.

நம் ஓலைநாயகம் பெருங்காடனாரை நீர் அறிவீர். நம் தந்தையார் காலந்தொட்டு அரச வாக்கு எதுவும் அவர் எழுத்தாணி வழியேதான் வெளியே போகும். அப்பேர்ப்பட்டவருக்கு, சோனகர் தெருக் கப்பல்தரகர் மகள் ருக்கையாவை நாம் அழைத்துக் கணக்கர்களுக்கு அரபு எழுத்தைக் கற்பிக்கச் சொன்ன அன்றே சோறு இறங்கவில்லை. தம் ஆசனத்துக்கே உலை வைத்தாயிற்றென்று முடிவு கட்டிவிட்டார் மனிதர்.

பாடம் நடக்கும் மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் ஏதோ வேலையிருப்பவர் போல நிற்பார். அவ்வெழுத்து வலப்புறம் தொடங்கி இடப்புறம் போகும் என்று அவள் சொன்னால், நண்டு கூட இதைவிட ஒழுங்காக நடக்கும் என்று முணுமுணுப்பார். ஒரே எழுத்து தனித்து நின்றால் ஒரு வடிவம், சொல்லின் முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்றால், அது எழுத்தா பகல்வேடக்காரனா என்பார். கீழே ஒரு புள்ளி இட்டால் 'ப', மேலே இரண்டு இட்டால் 'த' என்று அவள் காட்டும்போது மட்டும் வாய் மூடி உற்றுப் பார்ப்பார். எழுதினான் என்பதற்குக் 'கதப' என்றும், அதே மூன்று மெய்களிலிருந்தே நூலுக்குக் 'கிதாப்', எழுதுபவருக்குக் 'காதிப்' என்றும் சொல் பிறப்பதை அவள் விளக்க, கணக்கர்கள் அவளையே 'காதிப்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். அன்று அவருக்கு எரிந்த வயிற்றில் அரண்மனைக்கே சமைத்திருக்கலாம்.

அத்தோடு விட்டாரா? யாருக்கும் தெரியாமல் அந்த எழுத்தைத் தாமே கற்றுத் தேர்ந்தார். பொறாமைக்கு அவ்வளவு உழைப்பு உண்டு, இளந்திரையரே!

குதிரை உடன்படிக்கைக்குச் சோனகத் தூதர் வந்து அமர்ந்தார். ருக்கையா காகிதத்தில் நாணற்கோலால் எழுதிக் கொண்டுவந்ததை நீட்டுமுன் பெருங்காடனார் எழுந்தார். இந்நாட்டு வாக்கு ஓலையில்தான் நிற்கும், கந்தல்துணிக் கூழில் செய்த காகிதத்தில் நிற்காது என்று கூறித் தாம் அரபில் எழுதிய ஓலையைத் தூதர் கையில் வைத்தார். பிழை ஒன்றும் இல்லை. ருக்கையாவே பின்பு அதைச் சொன்னாள். ஆனால் நம் எழுத்துகள் ஏன் வளைந்து சுழிகின்றன, நம் ஓலையில் ஏன் புள்ளி வைப்பதில்லை என்பதை, தம்மேல் அவர் கொண்ட பெருமை மறக்கடித்துவிட்டது. அரபு எழுத்துகள் கைகோத்து ஒரே நேர்கோட்டில் ஓடுபவை. அந்தக் கோடு ஓலை நரம்போடு போயிருக்கிறது. தூதர் படிக்கக் குனிந்து ஓலையைச் சற்று வளைத்ததுதான் தாமதம், கோட்டோடு கோடாக அது இரண்டாகப் பிளந்து மடியில் விழுந்தது. புள்ளி வைத்த இடமெல்லாம் பொத்தல்.

அவையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். எழுதுமுன் வேகவைத்ததில் ஓலைக்குப் பதம் போதவில்லை என்றார். பிறகு எழுத்தாணியை நம் காலடியில் வைத்து, தமக்குப் பணியிலிருந்து விடை தரவேண்டும் என்றார்.

ருக்கையா குனிந்து கீற்றுகளைப் பொறுக்கினாள். அப்போதுதான் கண்டோம், அவள் இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் ஒரு பள்ளம். எழுத்தாணியைத் தாங்க ஓலை எழுதுபவர் வெட்டிக்கொள்வாரே, அதே பள்ளம்! கேட்டதும் கையை முந்தானையில் மறைத்தாள். வற்புறுத்தியபின், ஓலைநாயகத்தின் சுழிகளைக் கண்ட நாள்முதல் தனக்கு உறக்கமில்லை என்றும், அவர்போல ஒரு வரி எழுதிவிட வேண்டுமென்று கட்டுக்கட்டாக ஓலையைப் பாழாக்கியும் ஒரு சுழிகூட வசப்படவில்லை என்றும், அவரைக் கண்டாலே தனக்குப் பற்றிக்கொண்டு வருகிறதென்றும் தலைகுனிந்து சொன்னாள்.

பெருங்காடனார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கண்ணைத் துடைத்துக்கொண்டு அருகே போனார், அவள் விரலைக் காட்டச் சொன்னார், பள்ளத்தை ஆழமாக வெட்டிக் கெடுத்துவிட்டாள் என்று கடிந்துகொண்டார்.

ஆகவே கட்டளை. சோனகர் கடிதங்கள் இவ்விருவர் பெயருக்கும் சேர்த்தே வருக. அரபில் ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே இருவருக்கென்றே தனி வடிவம் உண்டாம். 'காதிபானி' என்று மேலுறையில் இடுக. காகிதம் அவளுடையது, ஓலை அவருடையது. ஒருவர் மற்றவருக்குக் கற்பிக்கும் வரை இருவருக்கும் விடை இல்லை.

இத்திருமுகம் நாம் சொல்ல ருக்கையா எழுதியது. சுழி கோணியிருந்தால் பொறுத்தருள்க. அருகிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஓலைநாயகம் பொறுக்கமாட்டாமல் எழுத்தாணியைப் பிடுங்கிவிட்டபடியால், இந்தக் கடைசி வரி மட்டும் பெருங்காடன் எழுத்து. கயல் இலச்சினை இட்டது.