அடிக்காமல் விட்ட இரண்டு சொல்

நாமகிரிப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கோகிலவாணிக்கு அம்மா முத்தாயம்மாள் எழுதுவது. நாங்கள் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன் நம்பரை மாற்றிவிட்டாய், மகராசி. அதனால்தான் ஓசூரில் நீ வேலை செய்யும் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் படி. வேலை நேரத்தில் அழுதுகொண்டு நிற்காதே.

நீ சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போய் நாலு மாதம் ஆகிறது. போன வாரம் உன் பெரியப்பா பச்சமுத்து வந்து உட்கார்ந்தார். பேப்பரில் விளம்பரம் கொடுத்து உன்னைத் தலைமுழுகினால்தான் சொந்தபந்தத்தில் தலைகாட்ட முடியும் என்று உன் அப்பாவை உசுப்பிவிட்டார். இவரும் ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பிவிட்டார். தனியாக விட மனசில்லாமல் நானும் கூடப் போனேன்.

அஸ்தம்பட்டியில் விளம்பர ஏஜென்ட் ஒரு பெண், சாரதாமணி என்று பெயர். நல்ல மாதிரி. சொந்தமெல்லாம் சேலம் நாமக்கல்லில்தானே, தமிழ்நாடு முழுக்கப் போட்டு ஏன் காசைக் கொட்டுகிறீர்கள், சேலம் பதிப்பு மட்டும் போதும் என்றாள். ஞாயிறு வேண்டாம், புதன்கிழமை என்றால் ரேட் குறைவாம். பன்னிரண்டு சொல்வரை ஒரே விலை, அதற்கு மேல் சொல்லுக்குச் சொல் காசு. உன் அப்பாவைத்தான் தெரியுமே. அரைக் கிலோ கத்தரிக்காய்க்குக் கறிவேப்பிலை கொசுறு கேட்கிற மனுசன், அங்கேயும் "கொசுறு ஏதாச்சும் உண்டுங்களா" என்று கேட்டார். சுற்றிலும் கட்டம் போட்டுத் தருகிறேன் என்றாள். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

பிறகு பேனாவை வாங்கி அடிக்க ஆரம்பித்தார். மொத்தம் நாற்பத்தொரு சொல். 'நன்றி கெட்ட' என்பதைத்தான் முதலில் அடித்தார், என்னைப் பார்க்காமல். அப்புறம் 'பெற்றோர் சொல்லை மீறி' போயிற்று. குடும்ப மானமும் போயிற்று. பதினான்கில் வந்து நின்றது. 'என் மகள்' என்பதை எடுத்துவிடலாம், பேரும் ஊரும் இருந்தால் யாரென்று தெரிந்துவிடும் என்றாள் சாரதாமணி.

உன் அப்பா பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். பிறகு "அது இருக்கட்டுங்க" என்றார். இரண்டு சொல்லுக்கும் கூடக் காசு ஆகுமே என்றாள். "ஆனா ஆகட்டுங்க" என்றார். சாமி, இந்த மனுசன் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டதை இருபத்தாறு வருசத்தில் அன்றுதான் பார்த்தேன். அப்படியென்றால் இந்த விளம்பரம் எதற்கு என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். இவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஊர் வந்து சேர்ந்ததும் பெரியப்பாவிடம் ரேட் கட்டுபடியாகவில்லை என்று சொல்லிவிட்டார். ஊருக்கும் அதே பதில்தான். நீயும் நம்பியதாகவே காட்டிக்கொள்.

சட்டையைத் துவைக்கப் போட்டபோது அந்தத் தாளை எடுத்து வைத்தேன். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், பார். இரண்டு நாளாக எல்லாச் சட்டைப்பையிலும் துழாவுகிறார். என்ன தேடுகிறீர்கள் என்றால் பஸ் டிக்கெட் என்கிறார்.

தீர்க்காயுசாக இரு கண்ணு. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. அந்தத் தாளை உன் கையாலேயே அவரிடம் கொடு.

உன் வரவு பார்த்திருக்கும்
அம்மா