ஒரு கொசுறு வேண்டி, உப்புச் சாத்தின் தலைவருக்கு

நலம் பெருகுக. முகில் தங்கும் குன்றுகளுக்கும் அவற்றின் அடியில் விரிந்த ஏரிகளுக்கும் காவல் பூண்ட முகிற்குன்ற நாட்டு அரசி கோதைநங்கை, நீள்கழி நாட்டில் வணிகர்க்குரிய எட்டிப் பட்டம் பெற்றவரும், உப்பு வண்டிகள் கூடிச் செல்லும் வணிகச் சாத்தின் தலைவரும், வழியெங்கும் தம் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் வண்டிக்காரர்களுக்குத் தண்ணீர்ப் பந்தலில் முதல் மொந்தை கிடைக்கச் செய்பவருமான பெரியவர் வெளியனாருக்கு எழுதுவித்த ஓலை. தங்கள் வேந்தரின் குடை என்றும் நிழல் தருக. தங்கள் உப்பளங்களில் வேண்டுமட்டும் வெயில் காய்க. அங்கே வழி தவறி வரும் மழைமேகம் ஏதேனும் உண்டாயின், அதை எம் குன்றுகளின் பக்கம் திருப்பி அனுப்புக. யாம் வாங்கிக்கொள்கிறோம்.

இவ்வாண்டு தங்கள் வண்டிகள் எம் மலை ஏறமாட்டா என்ற செய்தியைத் தங்கள் தூதர் வந்து சொன்னார். எருதுகளுக்குக் குளம்பு நோய் கண்டிருப்பதே காரணம் என்றார். எருதுகள் விரைவில் நலம் பெற வேண்டுகிறோம். எனினும் குளம்பைப் பற்றிப் பேசிய நேரமெல்லாம் அந்த நல்ல மனிதர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் அவருக்குப் பழக்கமில்லை என்பது எமக்கு விளங்கியது. அவருக்கு மோர் கொடுத்து, மேலும் துருவாமல் வழியனுப்பினோம். உண்மைக் காரணம் எமக்குத் தெரியும். அது தங்கள் வண்டிக்காரர் அந்துவனுக்குச் சிறுமலையூரில் நேர்ந்த அவமதிப்பு. அதைப் பற்றித்தான் இவ்வோலை.

தாங்கள் அறியாததன்று, கார்மழை இறங்கியதும் எம் மலையூர்களில் வயிற்றுக் கழிச்சல் இறங்கும். பெரியவர்கள் துவண்டு எழுந்துவிடுவார்கள். குழந்தைகள் எழுவதில்லை. உப்பும் வெல்லமும் தக்க அளவில் கலந்த நீரை ஓயாமல் புகட்டினால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துவிடும் என்பதை எம் அறச்சாலை மருத்துவர்கள் கண்டறிந்து, அவ்விரண்டையும் பொடித்துத் தேக்கிலைப் பொதிகளாகக் கட்டி, ஊர் ஊராகச் சென்று இலவசமாக வழங்கினார்கள். ஒரு கதவும் திறக்கவில்லை. மலையோர் வழக்கில், அயலார் ஒருவர் விலை பேசாமல் பண்டம் கொண்டுவந்து வைப்பது இழவு வீட்டில் மட்டுமே. மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் தாயிடம் போய் இதை இலவசமாக வைத்துக்கொள் என்றால், அவள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்பதை நினைக்கையில் இன்றும் எம் உடல் கூசுகிறது. நல்லெண்ணத்தோடு போனவர்கள் அத்தனை வாசலிலும் நல்ல வசவு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

அக்காலத்தில்தான், எஞ்சிய பொதிகளைத் தம் வண்டியில் மலையடி வரை திருப்பிக் கொண்டுவர அந்துவன் இசைந்தார். வழியில் ஓர் ஊரில் உப்பைத் தானியத்துக்கு மாற்றும்போது, அவர் வழக்கமாகக் கொசுறு போடும் கருவாடு தீர்ந்துபோயிற்று. கொசுறு இல்லாமல் உப்பு வாங்கிப் போகும் பெண் எம் மலையிலும் இல்லை, தங்கள் கடற்கரையிலும் இருக்கமாட்டாள். வாங்கியவர்கள் வண்டியை மறித்துக்கொள்ளவே, அந்துவன் வேறு வழியின்றிப் பொதிகளை ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுத்து, வயிற்றுக் கழிச்சலுக்கு நீரில் கரைத்துக் கொடுக்கலாம் என்றும் சொல்லிவைத்தார். அடுத்தடுத்த ஊர்களிலும் அவ்வாறே செய்தார். பெண்கள் வாங்கிக்கொண்டதோடு, அடுத்த வீட்டுக்காரிக்குப் பெரிய பொதி கிடைத்துவிட்டதென்று சண்டையும் போட்டார்களாம். இலவசமாக வந்தபோது அபசகுனமாக இருந்தது, கொசுறாக வந்தபோது உரிமையாகிவிட்டது. அந்தக் கார்காலத்தில் தங்கள் வண்டித்தடம் சென்ற ஊர்களில் குழிகள் குறைவாகவே தோண்டப்பட்டன. இதை எழுதுவிக்கும்போது எம் கண் நிறைகிறது, மறைப்பானேன்.

இனி, மனம் வலிக்கும் பகுதி. சிறுமலையூரில் கோங்கி என்பவளுக்குக் குருவி என்று செல்லமாக அழைக்கப்பட்ட பெண்குழந்தை இருந்தது. அதற்கு நோய் கண்டபோது கோங்கி பொதியைப் பிரித்துக் கொடுத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. அடுத்த முறை வண்டி வந்தபோது அவள் உப்பு மூட்டையைச் சரித்துத் தெருவில் கொட்டினாள் என்பதும், தங்கள் உப்பு தன் பிள்ளையைக் கொன்றதாகக் கதறினாள் என்பதும், ஊரார் அந்துவனை எல்லை வரை விரட்டினர் என்பதும் உண்மை. தலைமுறை தலைமுறையாக நல்ல பெயர் ஒன்றையே முதலாகக் கொண்டு நடக்கும் சாத்து இதைப் பொறுக்காதது இயல்பு. மருத்துவம் அறச்சாலையின் வேலை, உப்பு விற்பதே எம் வேலை என்று தாங்கள் அவையில் சொன்னதாகவும் கேள்வியுற்றோம். அச்சொல்லில் யாம் குற்றம் காணவில்லை.

ஆயினும் யாம் கோங்கியைக் காணச் சென்றோம். பரிவாரத்தை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவள் குடிலில் அவளோடு தரையில் அமர்ந்தோம். பிறகு அவளாகவே சொன்னாள். கழிச்சல் கண்ட பிள்ளைக்கு நீர் கொடுத்தால் நோய் கூடும் என்பது அவ்வூராரின் எண்ணம். ஆகவே பொதி முழுவதையும் ஓர் உள்ளங்கை நீரில் குழைத்து நாவில் தடவினாளாம். குழந்தை தண்ணீர் தண்ணீர் என்று கேட்டதாம். பிள்ளையின் நன்மைக்கென்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு மறுத்தாளாம். அந்தப் பொடி உயிர் காப்பது நீரோடு சேர்ந்துதான், நீரின்றி அது நோயைக் கூட்டும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மருந்தை அனுப்பிய எம்மவர் அளவை அனுப்பவில்லை. அந்துவனும் தமக்குத் தெரிந்த அளவே சொன்னார். அவர்மேல் பழியில்லை, அவள்மேலும் இல்லை. இதைச் சொல்லிவிட்டு அவள் எம் மடியில் தலை வைத்து அழுதாள். நாடாளும் கையால் அவள் தலையைத் தடவிக்கொடுத்தோம்.

ஆதலின் யாம் எண்ணியிருப்பது இது. பொதி கட்டுவதும், அதன் அளவைச் சோதிப்பதும், வண்டி செல்லும் ஊர்தோறும் ஒரு பெண்ணுக்குப் புகட்டும் முறையைக் கற்பிப்பதும் அறச்சாலையின் பொறுப்பு. உப்போடு அதைக் கொசுறாகப் போடுவது மட்டுமே சாத்தின் பொறுப்பு. அதற்கு மேல் தங்கள் ஆட்கள் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. எங்கேனும் ஒரு பிள்ளை தவறிப்போனால், அதைக் கேட்க வருவோர் வண்டியை மறிக்கலாகாது, அரண்மனை வாயிலுக்கு வர வேண்டும் என முரசறைவித்திருக்கிறோம். எம் அறச்சாலையில் அறிவு இருக்கிறது, ஆனால் அதைக் கதவு திறந்து உள்ளே அழைப்பார் இல்லை. தங்கள் வண்டிமணி கேட்டால் திறக்காத கதவு எம் மலையில் இல்லை. பிள்ளைகள் வளர்ந்து வீடு கட்டி ஊறுகாய் போட்டால் உப்பு விற்கும் என்பதையும் வணிகர் தலைவருக்கு யாம் சொல்லத் தேவையில்லை. ஆயினும் சொல்லிவைக்கிறோம்.

இவ்வோலையோடு ஒரு மூங்கில் குழாய் வருகிறது. அதன் நடுவே ஒரு கீறல் இருக்கும். கோங்கி தன் கையால் வெட்டியது. ஒரு பொதிக்கு அந்தக் கீறல் வரை காய்ச்சி ஆறவைத்த நீர் என்று மருத்துவர்கள் அளந்து காட்ட, அவள் கீறினாள். அதன்பின் அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் வெட்டத் தொடங்கி, இன்னும் ஓயவில்லை. தான் கொட்டிய உப்புக்கு ஈடாக இவ்வாண்டுத் தினையில் ஒரு கூடை எடுத்துவைத்திருப்பதாகவும், அந்துவன் வந்தால் ஊர் எல்லையிலேயே நின்று மன்னிப்பு வேண்டி, வண்டியோடு வீடு வீடாக நடந்து, நீர் கேட்கும் பிள்ளைக்கு நீர் கொடுங்கள் என்று தானே சொல்லப்போவதாகவும் தங்களிடம் தெரிவிக்கச் சொன்னாள். கருமேகம் தெற்கே கூடிவிட்டது. அவள் நாள்தோறும் எல்லைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள்.

எம் நாட்டு அதிகாரிகளுக்கு எம் ஆணை: நீள்கழி நாட்டு உப்பு வண்டிகளை எந்தச் சாவடியிலும் நிறுத்தாதீர். சேறான வழிகளில் கல் பரப்பி வையுங்கள். அந்துவனைக் கண்டால் எழுந்து நில்லுங்கள். தங்களுக்கோ யாம் ஆணையிட இயலாது, தாங்கள் வேறொரு வேந்தரின் குடி. ஆனால் எம் பாட்டன் காலந்தொட்டு இந்நாடு தங்கள் வீட்டு உப்பைத்தான் தின்கிறது. இத்தனை காலம் வாங்கியும் யாம் ஒருமுறையும் கொசுறு கேட்டதில்லை.

இப்போது கேட்கிறோம். இது எம் கையெழுத்து, இது எம் மயில் முத்திரை. வாடிக்கைக்காரி ஒருத்தி கூடையோடு வாசலில் நிற்கிறாள் என்று எண்ணிக்கொள்ளுங்கள், பெரியவரே. கொசுறு போடாமல் வண்டியைத் திருப்பிவிடாதீர்கள்.