கிழவியின் வயிற்றில் தடிப்பு

டிசம்பர் 4
கிழவியின் விலா எலும்புகளை இன்று கம்பளியின் மேலேயே தடவி எண்ண முடிந்தது. இருபத்து நாலு வயதுக் குதிரை குளிர்காலத்தில் இளைப்பது சகஜம் என்கிறான் அண்ணன். சவாரிப் பள்ளி நடத்துகிறவன், அவனுக்குத் தெரியாததா? ஆனாலும் காலையும் மாலையும் நானே வந்து புல்லை ஊறவைத்துப் போடுகிறேன். இப்படியா கரைவாள்?

டிசம்பர் 11
வயிற்றடியில் தடிப்பு. முடி கொட்டுகிறது. தொட்டால் காதை மடக்குகிறாள். டாக்டர் வந்து பார்த்தார். கோடையில் பூச்சி கடித்து வரும் அலர்ஜி இவளுக்குப் பழசு. ஆனால் இந்தக் குளிரில் பூச்சி ஏது என்று அவருக்கே குழப்பம். அங்கே ஏதோ உரசுகிறது, சேணம் கட்டுகிறீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னான்: "அதெல்லாம் விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு டாக்டர்." டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவனும் அவன்தான்.

டிசம்பர் 19
தவிட்டை நிறுத்தினேன். கம்பளியை மாற்றினேன். சோப்பையும் மாற்றினேன். எதற்கும் கேட்கவில்லை.

ஜனவரி 8
நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் கரண்ட் இல்லை, மதியமே அனுப்பிவிட்டார்கள். நேரே லாயத்துக்குப் போனேன். கிழவியின் இடம் காலி.

மைதானத்தில் இருந்தாள். முதுகில் சேணம், அதன் மேல் என்னைப்போல் இரண்டு மடங்கு ஆள். அண்ணன் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தான்.

அந்த ஆள் இறங்கிப் போகும்வரை காத்திருந்தேன். வயிற்றுப் பட்டையை நானே அவிழ்த்தேன். நாலு விரல் அகலம். தடிப்பும் நாலு விரல்தான், அதே இடம்.

"எத்தன நாளா?"

அண்ணன் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான். வாளியோடு நின்ற அண்ணிதான் சொன்னாள்: "மழை நின்னதுலேர்ந்து. மத்த குதிரையெல்லாம் புதுசா வர்றவங்கள உதறித் தள்ளுது. இதுதான் பேசாம நடக்குது."

பேசாமல் நடக்கிறாள். ஆமாம், அவளால் சொல்ல முடியாது. உனக்கு வாய் இருந்துச்சே அண்ணா? டாக்டர் கேட்டப்ப இருந்துச்சே? தாய் செத்த குட்டிக்கு மாற்றி மாற்றிப் புட்டிப்பால் கொடுத்தோமே, நீயும் நானும் — அது இவள்தானே?

ஒரு மாதமாக நான் சோப்பு மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜனவரி 9
எழுதப் பிடிக்கவில்லை.

ஜனவரி 12
ஊரின் மறுபக்கம், தெரிந்த பால்காரர் வீட்டுக் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். வண்டியில் ஏறமாட்டேன் என்று நின்றாள். அண்ணன் வந்து கழுத்தைத் தட்டிக் கொடுத்ததும் ஏறிவிட்டாள். இவ்வளவுக்குப் பிறகும்.

"திட்டிட்டாவது போ" என்றான். வண்டிக் கதவைச் சாத்தினேன்.

பிப்ரவரி 20
தடிப்பு வற்றிவிட்டது. விலா மறைய ஆரம்பித்திருக்கிறது. அண்ணன் இரண்டு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

மார்ச் 15
முடி முளைத்துவிட்டது. கருப்புக் குதிரைக்கு வயிற்றைச் சுற்றி வெள்ளையாக நாலு விரல் பட்டை. டாக்டர் சொன்னார், இனி அது மாறாதாம்.

லாடம் அடிக்க முதல் தடவையாக வந்தவர் குனிந்தபோது அதைக் கவனித்தார். "இது பிறவிலயே இருந்துச்சா?"

"ஆமா" என்றேன். "குட்டியிலேர்ந்தே."

முப்பது வருடமாகக் குதிரைகளோடு இருப்பவர். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த காலைத் தூக்கினார்.