நான் கைதட்டு வாங்கிய சனிக்கிழமை

அன்பு மகனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம், சுகம் என்றால் என் முழங்கால் வலியும் அம்மாவின் வாயும் குறைவில்லாமல் இருக்கின்றன, அங்கே நீயும் மருமகளும் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு நன்றாயிருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறோம். ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். "ஆராதனைல விசுவாசப் பிரமாணம் சொல்றப்ப, இயேசு உயிர்த்தெழுந்தாருன்னு வர்ற இடத்துல என்னால வாய் திறக்க முடியலப்பா, பொய் சொல்ற மாதிரி இருக்கு" என்று நீ சொன்ன நாளிலிருந்து நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எதையும் நீ கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதில் வருத்தமில்லை, பக்கத்து அறையில் இருக்கிற உன் அம்மாவே கேட்கவில்லை. கடிதத்தில் ஒரு வசதி, நீ பாதியில் கட் பண்ண முடியாது, என்னாலும் குரலை உயர்த்த முடியாது.

நீ அப்படிச் சொன்னதும் எனக்குள் ஒரு வேகம் வந்துவிட்டது. சொந்த மகனுக்கே சந்தேகம் என்றால் சபையில் எத்தனை பேருக்கு இருக்கும் என்று போதகரிடம் போய், சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிற ஹாலைக் கொடுங்கள், நம்பாதவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும், நான் பதில் சொல்கிறேன் என்றேன். போதகர் "நீங்களேவா" என்று கேட்டார். அப்போது அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன், அது பயம் என்று இப்போது புரிகிறது. கண்ணாடிக் கடையில் வேலை ஓடவில்லை. கண் பரிசோதனைக்கு வந்து தாடையை மெஷின் தாங்கியில் வைத்திருக்கிறவர்கள் எழுந்து ஓட முடியாதல்லவா, அவர்களிடம்தான் ஒத்திகை. ஒரு அம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கல்லறை காலியா இருந்துச்சு, சரிங்க, அடுத்த லென்ஸைப் போடுங்க" என்றாள்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் நம்புகிறவர்கள். நம்பாதவர் என்று வந்தது உன் மாமா ஒருவர்தான், அதுவும் என் விளம்பரத்தைப் பார்த்து இல்லை, ஆள் இல்லாமல் நான் அவமானப்படக் கூடாது என்று அம்மா தன் தம்பியைக் கெஞ்சிக் கூட்டி வந்திருக்கிறாள். பல் ஆஸ்பத்திரியை மூடிவிட்டு நேராக வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். நான் ஆரம்பித்தேன். இயேசுவின் உடலைத் திருடியிருந்தால் பயந்து ஒளிந்திருந்த சீடர்களுக்குத் தெருவில் நின்று பேசும் தைரியம் எங்கிருந்து வந்தது, பொய் என்று தெரிந்தே அதற்காக எவன் உயிரைக் கொடுப்பான் என்று மேஜையைத் தட்டினேன். மாமா அமைதியாக, "தப்பா நம்பிட்டும் உயிரைக் கொடுத்திருக்காங்களே அத்தான், எல்லா மதத்துலயும் இருக்காங்க, அவங்க நம்பினாங்கங்கிறதுதான் இதுல தெரியுது, நடந்துச்சுங்கிறது எப்படித் தெரியுது" என்று கேட்டார். நல்ல கேள்வி. என்னிடம் பதில் இல்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம், மனுஷனுக்கு மைக் கையில் இருக்கும்போது அந்த வார்த்தை வருவதில்லை. "பிடுங்கின பல்லு திரும்ப முளைக்காதுங்கிறதால எதுவுமே எழும்பாதுன்னு மச்சான் முடிவு பண்ணிட்டாரு" என்றேன். ஹால் அதிரச் சிரித்தார்கள், கைதட்டினார்கள். மாமாவும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். உனக்கு அனுப்புவதற்காக எல்லாவற்றையும் ரெக்கார்ட் வேறு செய்து வைத்திருந்தேன்.

எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கிற அத்தை என்னிடம் வந்தார்கள். அவர்கள் வீட்டுக்காரர், பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாரே, போன மழைக்காலத்தில் தவறிப்போனதை உனக்குச் சொல்லியிருந்தேன். பாராட்டப் போகிறார்கள் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். "அண்ணா, அவர் போனப்பகூட நான் ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டதில்ல. இன்னைக்கு உங்க மச்சான் கேட்டாரு, நீங்க பதில் சொல்லாம சிரிக்க வச்சீங்க. உங்களுக்கே பதில் தெரியலன்னா நான் எதை நம்பி உக்காந்திருக்கேன்" என்றார்கள். குரலை உயர்த்தவில்லை. பைக்குள் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு நாத்திகனைத் திருத்தப் போய், இருந்த விசுவாசியையும் கலைத்துவிட்டு வந்தவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் ஆராதனைக்கு அவர்கள் வரவில்லை. ஆர்கன் இல்லாததால் பாட்டை எடுத்துக் கொடுக்க என்னை நிறுத்தினார்கள், நான் எடுத்த சுருதியில் பெண்களால் இறங்க முடியவில்லை, ஆண்களால் ஏற முடியவில்லை, இரண்டாவது சரணத்தில் போதகர் ஜெபிக்கலாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், அந்த அத்தைக்குச் சொல்ல இன்னும் நாலு நல்ல காரணம் வைத்திருக்கிறேன், போய்ச் சொல்லிவிட்டு வரட்டுமா என்றேன். "காரணத்தை எல்லாம் கடையிலயே வச்சிட்டுப் போங்க. என் தம்பியையும் கூட்டிட்டுப் போங்க, ரெண்டு பேரும் சேர்ந்துதானே கிளப்பி விட்டீங்க" என்றாள்.

போனோம். வாசலில் அத்தை வீட்டுக்காரர் பஸ் ஓட்டப் போட்டுப் போகும் செருப்பு அப்படியே இருந்தது. உள்ளே டிவி மேல் அவருடைய மூக்குக் கண்ணாடி, நான் போட்டுக் கொடுத்ததுதான், ஒரு காதுக் கம்பி ஒடிந்து அவரே பசை வைத்து ஒட்டியிருக்கிறார், அசிங்கமாக. அத்தை அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இதைப் போட்டுக்கிட்டு என்னைப் பார்த்தவர் எங்கயாவது இருக்காரா அண்ணா, நிரூபிக்க முடியுமா" என்று கேட்டார்கள். மகனே, வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்தது. முடியாதும்மா என்றேன். ஆனா நான் நம்புறேன், கல்லறைக்குப் போன பெண்கள் வந்து சொன்னதை அன்னைக்கே ஆம்பளைங்க உளறல்னுதான் நினைச்சாங்க, அந்தப் பெண்கள் சொன்னது உண்மைன்னு என் மனசு சொல்லுது, அதுக்கு மேல என்கிட்ட இல்ல என்றேன். சந்தேகப்பட்ட சீடனை இயேசு விரட்டவில்லை, காயத்தைக் காட்டினார் என்றும் சொன்னேன். "எனக்கு யாரும் எதையும் காட்டலையே" என்றார்கள். அப்போதுதான் உன் மாமா பேசினார். "அக்கா, நான் நம்பாதவன், உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். அன்னைக்கு அத்தான் சொன்ன பதில் சரியில்ல. ஆனா பதில் சரியில்லங்கிறதால விஷயம் பொய்யாயிடாது. என்கிட்ட வர்றவங்க வலிக்கிற பல்லை விட்டுட்டு வேற பல்லைக் காட்டுவாங்க, அதுக்காக வலியே இல்லன்னு நான் அனுப்பிடறதில்ல" என்றார். என் பக்கம் நின்று ஒரு ஒழுங்கான பதில் சொன்னது நம்பாத ஆள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

அத்தை கண்ணாடியைத் திரும்ப டிவி மேல் வைத்தார்கள். பிறகு, "வாசிக்கிறேன். பாட மாட்டேன். பாடுன்னு யாரும் என்னைச் சொல்லக்கூடாது" என்றார்கள். அடுத்த ஞாயிறு வந்தார்கள், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு வாசித்தார்கள். பக்கத்தில் தாள் புரட்ட உன் மாமா. தான் கேட்ட கேள்வியால் வந்த வினை, துணைக்காவது நிற்கிறேன் என்று அவராகவே வந்தார். அவருக்கு இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது, அத்தை தலையை ஆட்டும்போது புரட்ட வேண்டும் என்று ஏற்பாடு, அவர்கள் தாளத்துக்குத் தலையாட்டும்போதெல்லாம் புரட்டிவிடுகிறார். இப்போது சில வாரமாக இப்படித்தான் போகிறது. நேற்று கடைசிப் பாட்டில் அத்தையின் உதடு அசைந்த மாதிரி இருந்தது, பாடினார்களோ மாமாவைத் திட்டினார்களோ தெரியாது, நான் போய் விசாரிக்கவில்லை. சனிக்கிழமைக் கூட்டம் மட்டும் நிற்கவில்லை. இப்போது மைக் கிடையாது, வட்டமாக உட்காருகிறோம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் என்று சட்டம், அதனால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. உண்மையிலேயே சந்தேகப்படுகிறவர்கள் ஒன்றிரண்டு பேர் வர ஆரம்பித்திருக்கிறார்கள்.

அந்த ரெக்கார்டிங்கை அழித்துவிட்டேன், பயப்படாதே. நீ சொன்னது பற்றி இவ்வளவுதான் சொல்ல வேண்டும் என்று இருந்தது. வாய் திறக்க முடியாத இடத்தில் நீ வாய் திறக்காமல் நில், பொய் சொல்ல வேண்டாம் என்று நினைத்த பிள்ளையை நான் பாடம் சொல்லித் திருத்தப் பார்த்தது என் அவசரம். கேள்வி இருந்தால் கேள், தெரிந்தால் சொல்கிறேன், தெரியாவிட்டால் மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன். வீடியோவில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பேசுகிறாய், பவர் மாறியிருக்கிறது, அங்கே விலை அதிகம் என்று தள்ளிப்போடாதே, அளவை மட்டும் அனுப்பு, நான் செய்து அனுப்புகிறேன். மருமகளிடம் அம்மா கேட்டதாகச் சொல். கர்த்தர் உங்கள் இருவரையும் காத்து, போகும்போதும் வரும்போதும் கூட இருப்பாராக. நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் ராத்திரி உன் பெயரைச் சொல்லாமல் நான் படுப்பதில்லை, அதற்கு உன் சம்மதத்தை நான் கேட்கப்போவதும் இல்லை.

என்றும் உன்னுடைய,
அப்பா