நல்ல தண்ணீர் இல்லாத மேடு

புரட்டாசி 4, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். ஏரியில் அலை இல்லை.

கோட்டைக்குக் கூப்பிட்டார்கள். ஒல்லாந்துத் துரை இரண்டு வார்த்தை பேசினார், துபாஷி அதைத் தமிழில் இருபதாக்கிச் சொன்னார். பழவேற்காட்டில் எல்லா ஜாதிப் பிள்ளைகளுக்குமாக ஒரு பொதுப் பள்ளிக்கூடம். இடத்தை நான் பார்த்து எழுதித் தர வேண்டும். பத்து நாள் கெடு. வாத்தியாரும் நானே. பள்ளிக்கூடத்தை ஒட்டியே குடியிருக்க வேண்டுமாம்.

இந்தக் காகிதம் கோட்டையில் கழித்துப்போட்டது. பின்பக்கம் காலி.

என் அறை உப்புக் கிடங்கை ஒட்டி. சுவரைத் தொட்டால் கை ஈரம். பழைய சோறு, மோர். துபாஷியைத் தவிர இன்று யாரிடமும் பேசவில்லை.

புரட்டாசி 5, செவ்வாய்

வண்டிக்காரர் முனுசாமி காட்டூர் போகிறார். தெய்வானைக்குச் சொல்லியனுப்பினேன்: வீடு கிடைக்கப் போகிறது, வருகிறாயா?

பிறந்த வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம். இங்கே இருந்தது ஒரே மாதம். இந்தத் தண்ணீரில் பருப்புகூட வேகவில்லை என்று போனவள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் சமாதானம் பண்ணியிருக்கலாம்.

புரட்டாசி 7, வியாழன்

இடங்கள் —
1. கோட்டைக்கு மேற்கே வெட்டவெளி. பீரங்கிகளுக்குக் குறுக்கே சுவர் எழுப்பக் கூடாதாம். போயிற்று.
2. நெசவாளர் தெருக் கடைசி. வேப்பமரம், கிணறு. குடித்துப் பார்த்தேன். தித்திப்பு.
3. முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம், மேட்டுக்குப்பம். இன்னும் பார்க்கவில்லை.

நெசவாளர் தெருப் பெரியவருக்கு ஆட்சேபம் இல்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஒரு வாத்தியார் இருக்கிறாராம். மீன்காரப் பிள்ளைகளோடு சேர்த்து உட்கார வைப்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

சாயங்காலம் முனுசாமி வந்தார். "நல்ல தண்ணி இருக்கிற எடம்னா வருதாம். கூடத்துல ஒரு ஜன்னல் வேணுமாம்."

மறுபடியும் அந்தக் கிணற்றுக்குப் போய் இன்னொரு வாளி இறைத்துக் குடித்தேன். தாகம் இல்லை. ஜன்னல் வரும் இடத்தில் ஒரு குச்சி நட்டேன். அங்கிருந்து பார்த்தால் வேப்பமரம்.

புரட்டாசி 9, சனி

தெருக் கடைசி என்றே எழுதி வைத்துவிட்டேன். மூன்றாவதையும் பார்த்ததாக இருக்கட்டும் என்று அக்கரைக்குப் போனேன். தோணி அங்கம்மாவுடையது. மீன் கூடைப் பெண்களை ஏற்றி இறக்குகிறவள். என் வயசு இருக்கும்.

மேட்டுக்குப்பம்: மணல், பனை, காயப்போட்ட வலைகள். மேடுதான், வெள்ளம் ஏறாது. மூன்று இடத்தில் கிணறு தோண்டியிருக்கிறார்கள், மூன்றும் கரிப்பு. குடிதண்ணீர் இக்கரையிலிருந்து குடத்தில், தோணியில். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீர்.

பிள்ளைகள் நாற்பதுக்கு மேல். ஒருவருக்கும் ஓர் எழுத்து தெரியாது.

திரும்பும்போது, பிள்ளைகள் தோணியில் வந்து படித்துக்கொள்ளலாம் என்றேன். அங்கம்மா கோலை ஊன்றியபடியே சொன்னாள்:

"வாடைக் காத்து பொறந்துட்டா ரெண்டு மாசம் இங்க தோணி போவாது, வாத்தியாரே. அப்புறம் மீன் பாடு, எல்லாரும் கடலுக்குப் போயிடுவாங்க. தோணிக்கு ஆளு கெடைக்காது. எங்க புள்ளைங்க எப்ப வரும்னு அதையும் சேத்து எழுதிக்கோ."

கோபமாகச் சொல்லவில்லை. நான் எழுதிக்கொள்ளவில்லை.

புரட்டாசி 10, ஞாயிறு

மழை. காய்ச்சல் போல. கஞ்சி வைத்தேன், அடிபிடித்துவிட்டது. யாரும் வரவில்லை, யார் வருவார்கள்.

புரட்டாசி 12, செவ்வாய்

தெருக் கடைசிக்கு எழுதிய காரணங்களைப் படித்துப் பார்த்தேன். தண்ணீர். மரம். நல்ல பாதை. நாலாவது காரணம் தெய்வானை. அதை எழுத முடியாது. ஆனால் மற்ற மூன்றும் அதற்காகத்தான் நிற்கின்றன.

வாத்தியார் இருக்கிற தெருவுக்கு இன்னொரு வாத்தியார்.

கிணற்றுப் பக்கம் போகவில்லை. போனால் மனசு மாறிவிடும்.

புரட்டாசி 14, வியாழன்

மேட்டுக்குப்பம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

துபாஷி ஆச்சரியப்பட்டார். குடிக்கத் தண்ணீருக்கு என்ன வழி என்றார். ஊரே குடிக்கிறதே என்றேன். குரலைத் தணித்து, "சம்சாரத்தைக் கூட்டிவரப் போறதா சொன்னீரே?" என்றார். காகிதத்தைத் துரை பக்கம் நகர்த்தினேன். துரை கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

புரட்டாசி 15, வெள்ளி

முனுசாமியிடம் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. மணல்மேடு, கரிப்புத் தண்ணீர், தினம் தோணியில் நான் குடம் கொண்டுவந்து தருவேன், ஜன்னல் உண்டு. "மெதுவா சொல்லுங்க" என்றேன். தலையாட்டினார். அவர் எதையுமே சத்தமாகத்தான் சொல்லுவார்.

புரட்டாசி 19, செவ்வாய்

காட்டூரிலிருந்து பதில் இல்லை. குப்பத்து ஆட்கள் பள்ளிக்கூடத்துக்குப் பனங்கால் நடுகிறார்கள். மழை இறுகும் முன் கூரை போட்டாக வேண்டும்.

அங்கம்மாவின் மகள் வேலை நடக்கிற இடத்துக்கு வந்து நின்றாள். பொண்ணுங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லைன்னு நைனா சொல்லுது, நெசமா என்று கேட்டாள். எல்லாருக்கும்தான் என்றேன். உடனே நட்ட பனங்கால்களுக்கு நடுவே மணலில் உட்கார்ந்தாள். மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. இன்னும் தொடங்கவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. மணலில் 'அ' எழுதிக் காட்டினேன்.

புரட்டாசி 23, சனி

வடக்கே கருமேகம். வாடை லேசாகத் தொடங்கிவிட்டது.

காட்டூர் வண்டி வந்தது. தெய்வானை வரவில்லை. ஒரு மரப்பெட்டி. மாமனார் வீட்டில் நான் விட்டுவந்த வேட்டிகள் எல்லாம், துவைத்து மடித்து. போர்வை. என் அப்பாவின் எழுத்தாணி. அடியில் கல்யாணத்தன்று நான் கட்டிய பட்டு.

என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"ஒன்னும் சொல்லல. ஈரம் படாம கொண்டுபோய்க் குடுன்னு சொல்லிச்சு." இதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

உப்புக் கிடங்கு அறையைக் காலி செய்தேன். ஒரு பாய், இரண்டு பானை, இந்தக் காகிதங்கள். அக்கரைக்குப் போக அங்கம்மா தோணியோடு காத்திருந்தாள். தோணிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.